ஊதாச் சுடர்

சென்ற தீபாவளிக்கு அடுத்த வாரம், வெள்ளவத்தையில் எமது வீட்டுக்கு மாணவன் ஒருவன் வந்தான். முன்பு எம்மிடம் தமிழ் படித்தவன். இப்போது உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருக்கின்றான். வலக்கையில் துணிக்கட்டு. காரணம் வினவினோம். கைத்தொலைபேசியிற் கண்ட காணொளி ஒன்றைப் பின்பற்றி, சீனியுடன் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பொடியைக் கலந்து சூடாக்கினானாம், கலவை பற்றிக்கொண்டதாம்.

ஆசிரியர் என்ற உரிமையோடு அவனை நன்றாகக் கண்டித்தோம். தலைகுனிந்து அனைத்தையும் கேட்டபின், "அந்த நெருப்பு ஏன் சேர் ஊதாவாய் இருந்தது?" என்றான்.

எமக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற காலத்தில், தீயைப் பாடிய புலவர் பலரை நாம் கற்றதுண்டு. ஆனால் அன்றாடம் எம் அடுப்பில் எரியும் சுடரைப் பற்றி ஒரு கேள்வியேனும் எம் உள்ளத்தில் எழுந்ததில்லை. வெட்கத்தை மறைத்துக்கொண்டு, பாடசாலையின் இரசாயன ஆசிரியையிடம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் கோபிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆய்வுகூடத்துக்கு வருமாறு இருவரையும் பணித்தார்.

அன்று அவர் பன்சன் சுடரடுப்பின் நீலச் சுடரில், கம்பி நுனியில் எடுத்த உப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கறியுப்பு கொழுந்து மஞ்சளாய் எரிந்தது. அது சோடியத்தின் நிறம். செப்புச் சல்பேற்று பச்சை ஒளி தந்தது. கல்சிய உப்பு செங்கல் நிறம் காட்டியது. வெப்பத்தால் அணுவிலுள்ள இலத்திரன் உயர்ந்த சத்தி நிலைக்கு ஏறி, மீண்டும் இறங்கும்போது அச்சத்தியை ஒளியாக வெளிவிடுகின்றது. ஏறி இறங்கும் படிகள் ஒவ்வொரு மூலகத்துக்கும் வேறானவை. ஆகவே ஒளியும் வேறு. குத்துவிளக்கின் மஞ்சள் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது சுடருக்குள் கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால் வருவது.

பின்னர் பொற்றாசிய உப்பொன்றைக் காட்டினார். எமக்கு மஞ்சளே தெரிந்தது. உப்பில் அழுக்காகக் கலந்திருக்கும் சிறிதளவு சோடியமே மற்றதை மறைத்துவிடும் என்று கூறி, நீலநிறக் கோபாற்றுக் கண்ணாடித் துண்டொன்றைத் தந்தார். அதனூடாக நோக்கினோம். மஞ்சள் மறைந்தது, மெல்லிய ஊதா நிறம் தெரிந்தது.

"இதுதான்!" என்றான் மாணவன்.

அடுத்துச் சீனிக்கட்டியொன்றை நெருப்பிற் காட்டினார். அது உருகிப் பழுப்பாகியதே தவிர எரியவில்லை. ஓரத்தில் சிறிது சாம்பலைத் தடவியதும் தீப்பற்றியது. சாம்பல் அங்கே ஊக்கியாக நிற்கின்றதாம். ஒரு கிராம் சீனியில் ஏறத்தாழ 4 கிலோகலோரி வெப்பம் அடங்கியுள்ளது. எமது உடல் அதனைப் பையப் பைய எரித்து வாழ்கின்றது. மாணவன் கலந்த பொடியோ தன்னிடமிருந்த ஒட்சிசனைக் கொடுத்து, அவ்வளவையும் ஒரு நொடியில் எரியவைத்தது. அப்பொடியிலிருந்த பொற்றாசியமே ஊதா நிறத்தைத் தந்தது. உருகிய சீனி கொதிநீரினும் மிகச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடுவது. அதனாலேயே அவனுடைய காயம் ஆற நாளெடுத்தது.

அப்போது அவன் தன் குறிப்புக் கொப்பியைத் திறந்து காட்டினான். ரியூட்டரியில் எழுதிய பக்கம். 'பொற்றாசியம் — ஊதா' என்று அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது. பரீட்சையில் அதனை எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கின்றான். அதே பொற்றாசியம் அவன் கையைச் சுட்டபோது அதனை அவனால் அடையாளங் காண முடியவில்லை. அவனை நாம் எவ்வாறு குறைகூறுவது? பாட்டின் பொழிப்பை மனனஞ் செய்வித்து, பாட்டை மறக்கச் செய்யும் தமிழ்ப் பாடத்தை நடத்துபவர்கள் நாமல்லவா?

சீனியும் வண்ணச் சுடரும் ஒரே மனிதரின் ஆய்வில் முன்பே சந்தித்திருக்கின்றன. பேர்லினில் வாழ்ந்த மார்க்கிராவ் என்ற இரசாயனர், 1747இல் பீற் கிழங்கிலிருந்து கரும்புச் சீனியை ஒத்த சீனியைப் பிரித்தெடுத்தார். சோடிய உப்பையும் பொற்றாசிய உப்பையும் சுடரின் நிறத்தால் வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. அக்காலத்து ஐரோப்பாவின் இனிப்பு, கரிபியன் தீவுகளில் அடிமைகள் சிந்திய வியர்வையில் விளைந்தது. கிழங்கிலும் சீனி உண்டென்ற அறிவு அவர்களுடைய விலங்கை உடைக்கவில்லை. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், 1860 நவம்பர் 16ஆம் நாள், 'ட்றூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேற்றாலின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. அறிவு பிறந்துவிட்டால் மட்டும் போதாது. அது யார் கையைச் சேர்கின்றது என்பதைச் சமுதாயமே தீர்மானிக்கின்றது.

அக்கேள்வியை எமது பாடசாலையிலும் கேட்க வேண்டியதாயிற்று. அந்தத் தவணையில் மாணவனொருவன் தன் கையாற் செய்து பார்த்த முதற் பரிசோதனை அதுவே என்று ஆசிரியை கூறினார். பொருள்கள் உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தினால் கூடம் பூட்டியே கிடந்ததாம். மொழியைக் காரணங்காட்டவும் வழியில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. ஆகவே, நூலும் உண்டு, ஆசிரியையும் உண்டு, அறியும் ஆவலுள்ள பிள்ளைகளும் உண்டு. கதவு மட்டுமே திறக்கப்படவில்லை. ஆய்வுகூடம் அடைபட்டால் ஆவல் அடங்கிவிடுவதில்லை. காப்பார் எவருமில்லாத சமையலறைக்கு அது சென்றுவிடுகின்றது.

இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு மணிநேரம் கூடம் திறந்திருக்கின்றது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, அருகில் தண்ணீர் வாளி, கம்பி நுனியளவு உப்பு, கலவைகளுக்கு இடமில்லை — இவை ஆசிரியையின் விதிகள். உடைந்ததைப் பதியும் கொப்பி எம் பொறுப்பு. இதுவரை இரண்டு சோதனைக் குழாய்கள் உடைந்துள்ளன. கையில் தழும்புள்ள மாணவன், கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு நீலக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகின்றான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றதென்று நாளைக்கே விசாரித்துப் பாருங்கள்.