கையைக் கடிக்காத முத்துநகர்ப் பயணம்

சுற்றுலா என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று பெட்டி கட்டிவிட்டு, திரும்பி வந்து மூன்று மாதம் மளிகைக் கணக்கோடு மல்லுக்கட்டும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர்! இந்த முறை அப்படி வேண்டாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த தூத்துக்குடிக்கு வாருங்கள். செலவு குறைவு, பார்க்கவும் யோசிக்கவும் நிறைய உண்டு.

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "நல்ல முத்து எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு கடலடிப் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. எனவே, "இந்த ஊர்க் கடலில் புதிதாகக் குளித்தெடுத்த முத்து" என்று யார் நீட்டினாலும் பர்ஸைத் திறக்காதீர்கள். முதல் சேமிப்பு அதுதான்!

முதல் நாள்: நடந்தே பார்க்கலாம்

சென்னைக்காரர்கள் எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம். ஓர் இரவு லாட்ஜ் வாடகை மிச்சம். குளித்து, டிபன் முடித்துக்கொண்டு பனிமய மாதா பேராலயத்துக்கு நடந்தே போகலாம். ஊர்க்காரர்கள் 'பெரிய கோயில்' என்பார்கள். வயதானவர்கள் வாயில் 'தஸ்நேவிஸ் மாதா' என்று வரும். 'பனியின் மாதா' என்பதற்கான போர்த்துக்கீசியச் சொல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. பனிக்கட்டியை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்த ஊரில் பனி மாதா! மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். கோயில் கட்டி முடிந்தது 1713-ல். ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை திருவிழா. எந்த மதத்தவரானாலும் வருவார்கள். தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது. 2013-லும் 2023-லும் ஓடியது.

அங்கிருந்து குரூஸ் பர்னாந்து சிலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை இந்த உப்புக்காற்று ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர். குடத்தோடு தெருத்தெருவாக அலைந்த பெண்களின் இடுப்புக்கு அவர் செய்த உபகாரத்தை நாம் மறக்கலாமா? பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

வ.உ.சி.யின் ஊரும் இதுதானே! வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். 1908-ல் சிறைக்குப் போய்ச் செக்கிழுத்தார். 2011-லிருந்து துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் பஸ் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பஸ் என்றதும் ஒரு நல்ல சேதி. 2021-லிருந்து நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. உள்ளூர்ச் சுற்றலுக்கு வீட்டுக்காரருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்!

இரண்டாம் நாள்: கடல் விட்டுப்போன ஊர்

காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏரல் பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கிருந்து பக்கந்தான் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க, ரோமானிய வணிகர்கள் அறிந்திருந்த பட்டணம். போய் இறங்கினால் வயலும் வாழையும்தான் கண்ணில் படும். ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரார் சொல்லும் வன்னி மரத்தடியில் சற்று உட்காருங்கள். இங்கே மண்ணைத் தோண்டியபோது சங்கை அறுத்து வளையல் செய்த மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அன்றைக்கே பெண்கள் கைக்கு வளையல் போன துறை இது.

பிறகு ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் தங்க நெற்றிப்பட்டங்கள்கூடக் கிடைத்தன. இத்தனை நாளும், நம் ஊர்ப் பொருளை வேற்றூர் மியூசியத்தில் போய்ப் பார்க்கும் நிலைமை. 2023-ல் தோண்டிய இடத்திலேயே காட்சிக்கூடம் திறந்தார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குழந்தைகள் கேள்வி கேட்டே நம்மைத் திணறடித்துவிடுவார்கள்! திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

முத்து, சங்கு, உப்பு

இன்னும் ஒரு நாள் இருந்தால் திருச்செந்தூர் முருகனைத் தரிசித்து, மணப்பாடும் போய்வாருங்கள். மணல் மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில். கீழே புனித சவேரியார் தங்கிய குகை. பனையோலையில் பெட்டி முடைகிற பெண்களின் கைவேகம் பார்க்க வேண்டிய காட்சி. விலையும் அதிகமில்லை.

ஆனால் திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் பஸ் போகும்போது தூங்கிவிடாதீர்கள். இருபுறமும் உப்பளம். நாட்டிலேயே குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது எங்கள் பக்கந்தான்.

போன கோடையில் சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் மகள், வெள்ளை வெளேரென்ற அம்பாரத்தைப் பார்த்துவிட்டு, "காஷ்மீர் மாதிரி இருக்கு அத்தை!" என்று போட்டோ எடுக்க ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். அங்கே உப்பு சுமந்துகொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், "எங்களப் போட்டோ புடிச்சு என்னம்மா செய்யப் போறிய?" என்றார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா, சின்னப் பிள்ளை" என்றேன்.

"கோவமில்லம்மா. வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசிப்போச்சு. ஒங்க மொகமே மங்கலாத்தான் தெரியுது. சீக்கிரம் நெழலுக்குப் போங்க."

அந்த உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் வருஷக்கணக்காக நின்றால் பார்வை என்ன ஆகும்! உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்துவிடுகிறது. மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை. தினமும் சமையலில் நாம் போடுகிற ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

முத்தும் அப்படித்தான். இடுப்பில் கயிறு கட்டி, கல்லின் கனத்தோடு கடலுக்குள் இறங்குவார்கள். மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருப்பாராம். தங்கையின் தாலி பத்திரமாக இருக்க வேண்டுமே என்று அவர்தான் கண்ணும் கருத்துமாக இழுப்பார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் பேச்சு. எந்த ராணியின் கழுத்துக்கோ போன முத்துக்கு இங்கே ஒரு பெண்ணின் தாலி பணயம்!

முத்து போனாலும் சங்கு இருக்கிறது. திரேஸ்புரம் பக்கமிருந்து இன்றும் சங்கு குளிக்கப் போகிறார்கள். வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு எங்கள் கடல் சங்கும் போகிறது.

சில யோசனைகள்

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வந்தால் வெயில் தாங்கும். உப்பு வாருவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச்சுக்குப் பிறகு, விடிகாலையில். குடை, தண்ணீர், கறுப்புக் கண்ணாடி மறக்க வேண்டாம். பருவத்தில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். கலர் சோடாவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம், உடம்புக்கும் நல்லது. மாலையில் ரோச் பூங்கா பக்கம் கடற்காற்று வாங்கக் காசில்லை.

ஊருக்கு வாங்கிப் போக, முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை சேர்த்துச் செய்யும் மக்ரூன் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு உடன்குடிக் கருப்பட்டி. கிளம்புகிற அன்று கடையில் ஒரு கிலோ கல்லுப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பாட்டின்போது உப்பு ஒரு கல் கூடினாலோ குறைந்தாலோ முகம் சுளிக்கிறவர்களுக்கு, அது எந்த வெயிலில், யார் தலைச்சுமையில் வந்தது என்று சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கும்.