மந்திரம் ஓடும் ஆலை

மனிதரைத் தின்று வளரும் ஒரு மந்திரம். அந்த மந்திரத்தின் மேல் நிற்கும் ஒரு பேரரசு. அதை எதிர்த்து எழும் அடிமைகள். சில வருடங்களாக நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் இதுதான். இப்படிப்பட்ட கதையில் வாசகர் முதலில் எதிர்பார்ப்பது போர்க்களத்தை. எனக்கு முதலில் தேவைப்பட்டதோ ஓர் இரவு முறையின் ஒழுங்கு. எத்தனை நாழிகைக்கு யார் உள்ளே போகிறார், தூங்குகிறவரை யார் உதைத்து எழுப்புகிறார், ஒருவர் சரிந்து விழுந்தால் அந்த இடத்தில் அடுத்து யார், கஞ்சி எப்போது வரும். இவை தெரியாமல் எழுதப்படும் கிளர்ச்சியில் உயிர் இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஒழுங்கை நான் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கையில் இருந்த செயின்ட் டொமிங்கு காலனியின் கரும்பாலைகளிலிருந்து எடுத்தேன். இன்றைய ஹைட்டி அது. 1789 வாக்கில் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த ஒரு காலனியிலிருந்து கப்பலேறியது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கியவர்களில் பெரும் பகுதியினர் சில ஆண்டுகளுக்குள் செத்துப்போனார்கள். செத்தவர் இடத்துக்குப் புதிய ஆளை வாங்குவது முதலாளிக்குக் கட்டுப்படியாகும் செலவாகவே இருந்தது.

வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாளுக்குள் ஆட்டியாக வேண்டும். பிழிந்த சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். கரும்பு ஆட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அறுவடை மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடியது இதனால்தான். பகலெல்லாம் வயலில் வெட்டியவர்கள் இரவில் உருளைகளுக்கு முன்னால் நின்றார்கள். செங்குத்தாக நிற்கும் மூன்று உருளைகள், அவற்றுக்குக் கையால்தான் கரும்பை ஊட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் மாட்டினால் கை போகும். உருளைகளைச் சுழற்றும் மாடுகளை நிறுத்துவதற்குள் உடம்பும் போகும். அதனால் உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு கைக்கோடரி வைத்திருப்பார்கள், மாட்டிய கையை வெட்டி ஆளை மீட்பதற்கு. அந்தக் கோடரி துருப்பிடிக்காமல் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கொட்டகையில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் கொப்பரைகள். சாறு இறுக இறுக நீண்ட அகப்பையால் அடுத்த கொப்பரைக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். பதம் பார்க்கத் தெரிந்த ஆள் கண்ணசந்தால் மொத்தக் காய்ச்சலும் பாழ். அந்தப் பதம் பார்ப்பவரும் ஓர் அடிமைதான். பேரரசின் செல்வம் முழுவதும் அடிமை ஒருவரின் கண்ணிலும் மூக்கிலும் தங்கியிருந்தது. என் நாவலுக்கு வாசல் திறந்தது இந்த இடத்தில்தான்.

நான் படைத்த பேரரசில் தலைநகரின் விளக்குகளும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் மனித ஆயுளால் இயங்குகின்றன. ஆட்களைக் கல் இருக்கைகளில் உட்கார வைத்து ஆயுளை இழுக்கிறார்கள். இழுத்த ஆயுள் விடிந்தால் கெட்டுவிடும், சேர்த்து வைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இரவும் புதிதாக இழுக்க வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் கல் விரிசல் விடும். விரிசலுக்கு முன்னால் கல் மெல்ல ஒரு முனகல் எழுப்பும். அந்த முனகலைக் காதால் கேட்டு 'போதும்' என்று சொல்லத் தெரிந்தவர் ஒரு கிழவர். அவரும் இருக்கையில் உட்கார்ந்து எழுந்தவர்தான். கிளர்ச்சி தொடங்கும் இரவில் அவர் செய்வதெல்லாம் ஒன்றுதான். 'போதும்' என்று சொல்லாமல் இருந்துவிடுகிறார்.

மந்திரத்துக்கு விலை உண்டு என்பது இந்த வகை எழுத்தில் பழைய விதி. பெரும்பாலான கதைகளில் மந்திரவாதி தன் ரத்தத்தையோ தூக்கத்தையோ கொடுத்து வித்தை செய்கிறான். விலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டால் கதையின் இயல்பே மாறிவிடும். உடனே கணக்குப்பிள்ளை வருவார், தரகர் வருவார், கப்பல் வரும், சட்டம் வரும். பிரெஞ்சு அரசு 1685-இலேயே அடிமைகளுக்கென்று ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டது. ஓடிப்போனவனின் காதை அறுப்பது வரை அதில் எழுதி வைத்தார்கள். சாபங்களை யோசிப்பதைவிட இப்படி ஒரு சட்டப் புத்தகத்தை யோசிப்பது எழுத்தாளருக்குக் கடினம், ஆனால் பேரரசுகள் அந்தப் புத்தகங்களால்தான் நடந்தன.

தோட்டங்களின் சொத்துப் பட்டியல்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. பெயர், வயது, எந்த இனம், என்ன தொழில், உடம்பில் என்ன குறை, மதிப்பு எவ்வளவு. பெயர்கூட முதலாளி வைத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே பட்டியலில் மாடுகளும் கோவேறு கழுதைகளும். என் பேரரசின் பேரேட்டையும் அந்த மாதிரியில் எழுதினேன். எழுதி முடித்தபோது ஒரு பெரிய ஆபத்து தெரிந்தது. பேரேட்டை நம்பி எழுதினால் சாகிறவர்கள் அனைவரும் கூட்டமாகத்தான் சாவார்கள். கதையும் அவர்களைத் தின்றுவிடும்.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். புதையல் எடுப்பதற்காகவோ, நிற்காத கரையை நிறுத்துவதற்காகவோ பலி கொடுக்கப்பட்ட சூலிப்பெண், வஞ்சனையால் கொல்லப்பட்ட இளைஞன், இவர்கள்தான் அங்கே தெய்வங்கள். அநியாயமாகச் செத்தவர் அடங்குவதில்லை. ஆங்காரத்தோடு திரும்பி வந்து நிலையம் கேட்கிறார், படையல் கேட்கிறார். பாட்டுக்காரர் அந்த ஒருவரின் கதையை முழுசாகச் சொல்கிறார். தாய் தவமிருந்தது, பிறந்தது, வளர்ந்தது, யார் கூப்பிட்டு எந்த வழியாகப் போனது, எந்த இடத்தில் வெட்டுப்பட்டது. முடிவு தெரிந்தே ஊர் அழுகிறது. மனிதரை எரித்து ஆதாயம் தேடுகிறவர்களின் கதையை நம் நாட்டார் மரபு எப்போதும் எரிக்கப்பட்டவர் பக்கமிருந்தே பாடியிருக்கிறது. ஹைட்டி அடிமைகளும் இறந்தவர் அழிந்துபோவதாக நம்பவில்லை, கடல் தாண்டித் தம் ஆப்பிரிக்காவுக்கே திரும்புகிறார் என்றுதான் நம்பினார்கள். என் நாவலில் கல்லில் உட்கார்ந்து சாகிற ஒவ்வொருவருக்கும், கதையில் இரண்டு வரி மட்டுமே வருபவருக்கும்கூட, தனியாக ஒரு பக்கம் எழுதி வைக்கிறேன். ஊர், தாய், பிடித்த சாப்பாடு, யார் மேல் கோபம். அச்சில் அது வராது. ஆனால் அந்த இரண்டு வரியின் கனம் மாறிவிடுகிறது.

கிளர்ச்சியை யார் தொடங்குவார்? புதிதாக எழுதுகிறவர்கள் எனக்கு அனுப்பும் கதைகளில் அடிமைச் சிறுவன் கடைசியில் மறைந்து வளர்ந்த இளவரசன் என்று தெரியவருகிறான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரச ரத்தம் இருந்தால்தான் எதிர்க்க முடியும் என்றால் அது பேரரசின் வாதம். 1791 ஆகஸ்டில் செயின்ட் டொமிங்குவின் வடக்குச் சமவெளியில் கூடி அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டவர்களில் பலர் தோட்டத்து மேஸ்திரிகளும் வண்டியோட்டிகளும். காரணம் எளியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதிச் சீட்டு அவர்களுக்குத்தான் கிடைத்தது. பின்னாளில் அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமையேற்ற தூசான் லூவெர்த்தூரும் குதிரை பழக்கியவர், வண்டியோட்டி. ஆகவே யாரால் நகர முடியும் என்பதே என் முதல் கேள்வி. என் நாவலில் அது தண்ணீர் ஊற்றும் சிறுமி. காவலனுக்கும் அவள்தான் தண்ணீர் தருகிறாள், கல்லில் இருப்பவருக்கும் அவள்தான். குடத்தின் மேல் அகப்பையின் காம்பு கிழக்கே பார்த்தால் 'இன்றில்லை'. மேற்கே பார்த்தால் 'இன்று'. ஆயுதம் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கி.மு. 73-இல் ரோமானியரின் அடிமை வாள்வீரன் ஸ்பார்ட்டகஸின் கூட்டம் கப்புவாவிலிருந்து தப்பியபோது சமையலறைக் கத்திகளும் இறைச்சி குத்தும் கம்பிகளும்தான் கையில் இருந்தன.

தலைநகரின் சாதாரண மக்களை எழுதுவது இதைவிடக் கடினம். 1792 ஜனவரியில் பாரிசில் சர்க்கரைக் கலகம் நடந்தது. தோட்டங்கள் எரிந்த செய்தியோடு சர்க்கரை விலை ஏறியது. மக்கள் கடைகளுக்குள் புகுந்து பழைய விலைக்கே விற்க வைத்தார்கள். மனித உரிமைப் பிரகடனம் வெளியாகி மூன்று ஆண்டுகூட முடியாத நகரம் அது. விடுதலைக்காக எழுந்த ஏழைகள், கடலுக்கு அப்பால் தங்களைவிடக் கீழே கிடந்தவர்களின் விடுதலையால் விலை ஏறியதற்குக் கொதித்தார்கள். என் நாவலில் ஒரு தையற்காரி வருகிறாள். இரவு விளக்கு மங்கினால் அவளுக்குக் கூலி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல். கிளர்ச்சிக்காரர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று சபிக்கிறாள். அந்த அத்தியாயத்தை அவளுடைய பக்கமிருந்தே, அவளுடைய நியாயத்தோடு எழுதினேன். நல்ல மனுஷியின் வீட்டு வெளிச்சமும் எதால் எரிகிறது என்று வாசகர் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகுந்த வேதனையைக் கொடுப்பது வெற்றிக்குப் பிறகான பகுதி. 1791-இல் எழுந்தவர்கள் வயலை மட்டும் எரிக்கவில்லை, உருளைகளையும் கொப்பரைகளையும் தேடித் தேடி உடைத்தார்கள். அவர்களுக்குத் தெளிவு இருந்தது. ஆனால் அதிகாரத்துக்கு வந்த லூவெர்த்தூருக்குப் பிரான்சும் பிரிட்டனும் சூழ்ந்த கடலில் துப்பாக்கி வேண்டியிருந்தது. துப்பாக்கிக்குப் பணம், பணத்துக்குச் சர்க்கரை, சர்க்கரைக்கு ஆள். 1800-இல் விடுதலை பெற்ற மக்களை ராணுவக் கட்டுப்பாட்டோடு தோட்டத்துக்கே திரும்ப அனுப்பும் ஆணை பிறப்பித்தார். 1801-இன் அரசியல் சட்டத்தில் அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்று எழுதியவரும் அவரே. அதே ஆண்டில் தோட்ட வேலைக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, அதற்குத் துணைநின்றதாகத் தன் வளர்ப்பு மருமகன் மொயீஸையே சுட்டுக்கொல்ல வைத்தார். 1803-இல் பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டையில் கைதியாகச் செத்தார். அவரை நான் வெறுக்கவில்லை. அவர் நின்ற இடத்தில் என் பாத்திரங்களை நிறுத்திப் பார்க்கிறேன், அவ்வளவுதான். இந்தச் சிக்கல் அவரோடு தொடங்கியதும் அல்ல. ஈராக்கின் பாஸ்ரா பக்கத்துச் சதுப்பில் உப்பு மண் சுமந்த அடிமைகள் 869-இல் எழுந்து பதினான்கு ஆண்டு அரசாண்டார்கள். அந்த ஸன்ஜ் கிளர்ச்சியின் தலைவன் தன் ஆட்களுக்கு வாக்களித்தவற்றில் சொந்தமாக அடிமைகளும் அடக்கம்.

என் நாவலில் வெற்றிக்கு மறுநாள் இரவு ஒரு வாதம் நடக்கிறது. பேரரசின் கப்பற்படை திரும்பி வருகிறது. துறைமுகத்தைக் காக்கக் கற்களால்தான் முடியும். 'நாமே முறை வைத்து, விருப்பப்பட்டு உட்காரலாம்' என்கிறான் தளபதி. கிழவர் கேட்கிறார், 'விருப்பப்படாதவன் முறை வந்தால்?' இருவருக்கும் நான் சம பலம் கொடுத்தேன். ஆனாலும் எழுதுகிறவனுக்கு ஒரு தீர்ப்பு இருக்கத்தான் வேண்டும். என் கதையில் கற்களை உடைக்கிறார்கள். அதற்கான விலையையும் கொடுக்கிறார்கள். 1804 ஜனவரி 1-இல் சுதந்திரம் அறிவித்த ஹைட்டியிடம் 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, பழைய முதலாளிகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தது. அந்தக் கடன் தலைமுறைகளை அரித்தது.

பேரரசும் சும்மா இருப்பதில்லை, வேறு உடல்களைத் தேடும். பிரான்ஸ் 1848-இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியத் தீவுகளான மார்த்தினிக்குக்கும், அடுத்து குவாதலூப்புக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். போய் நின்றது அதே கரும்புக் காடுகளில். இன்றும் அங்கே மாரியம்மன் வழிபாடு நடக்கிறது. என் கடைசி அத்தியாயத்தில் பேரரசின் கப்பல் ஒன்று புதிய கரையில் ஒப்பந்தத் தாளோடு வந்து நிற்கும். அந்தக் கரைக்குப் பெயர் வைக்கப் போவதில்லை.

தமிழில் மிகுபுனைவு எழுத ஆசைப்படும் இளைஞர்கள் வாளும் டிராகனும் யோசிக்கும் முன் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938-இல் ஹைட்டிப் புரட்சி பற்றி எழுதிய நூலைப் படியுங்கள். உங்கள் குடும்பத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால், அவரைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெயர், ஊர், போன வருடம், யார் கூட்டிப் போனது என்பதையெல்லாம் இப்போதே கேளுங்கள்.