கழுத்தில் தொடங்கும் தள்ளாட்டம்

முதியவர் ஒருவர் வாசலிலிருந்து என் மேசை வரை நடந்து வரும் பத்தடிக்குள் என் பரிசோதனையில் பாதி முடிந்துவிடும். காலை எவ்வளவு அகட்டி வைக்கிறார், பார்வை தரையை விட்டு நிமிர்கிறதா, எந்தப் பாதம் உரசுகிறது, திரும்ப எத்தனை எட்டு எடுக்கிறார் என்று பார்ப்பேன். பிசியோதெரபியில் கைக்கு வேலை வருவதற்கு முன் கண்ணுக்குத்தான் வேலை.

நடை தளர்ந்தால் வீட்டில் எல்லோரும் முழங்காலைத்தான் குறை சொல்வார்கள். மூட்டுத் தேய்மானம் என்று ஒரு எக்ஸ்ரேயும் தயாராக இருக்கும். தண்டுவடத்தை யாரும் நினைப்பதில்லை. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது, நீளம் சுமார் 45 செ.மீ. மூளை இடும் கட்டளை காலுக்குப் போவதும், பாதம் தரையைத் தொட்ட சேதி மூளைக்குத் திரும்புவதும் அதன் வழியாகத்தான்.

அதற்கும் வயதாகிறது. டாம்லின்சன், இர்விங் என்ற இருவர் 1977-ல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 13 வயது முதல் 95 வயது வரை பல வயதுகளில் இறந்தவர்களின் தண்டுவடத்தில், கால் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை எண்ணிப் பார்த்தார்கள். 60 வயது வரை எண்ணிக்கை குறையவில்லை. அதன்பின் குறையத் தொடங்கி, சிலரிடம் பாதிக்கு வந்திருந்தது. ஒரு செல் மடிந்தால் அது இயக்கிவந்த தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்துச் செல் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதனால் பலம் ஓரளவு நிற்கும், நுணுக்கம்தான் போகும். அதிர்வை உணர்வதும் குறையும். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தால், எழுபதைத் தாண்டிய பலர் “ஒண்ணும் தெரியலையே தம்பி” என்பார்கள்.

இதுவரை சொன்னது வயதின் கணக்கு. வயதின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒளிந்திருக்கும் நோய் வேறு. கழுத்துப் பகுதியில் டிஸ்க் பிதுங்கி, எலும்பு முனை வளர்ந்து, எலும்புகளை இணைக்கும் நார் தடித்து, மூன்றுமாகச் சேர்ந்து தண்டுவடத்தை நெரிக்கும். தண்டுவடம் செல்லும், சாதாரணமாக முன்பின்னாக 17 மி.மீ. அளவில் இருக்கும் எலும்புக் குழாய் 13 மி.மீ.க்குக் கீழே குறுகினால் ஆபத்து அதிகம். பெரும்பாலும் இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். கழுத்து வலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால்தான் பலரிடம் தவறிப்போகிறது.

பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மாவை முழங்கால் வலிக்காக மகன் அழைத்து வந்தார். “வயசாயிருச்சு சார், தள்ளாடுறாங்க” என்றார். அந்த அம்மா சொன்னது வேறு: “முடிச்சு நிக்க மாட்டேங்குது தம்பி. கண்ணி நழுவிப் போகுது.” முழங்காலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தேன். முழுதாக மூடி, முழுதாக விரித்து, முடிந்தவரை வேகமாகச் செய்யச் சொன்னேன். பத்து விநாடிக்குள் இருபது முறையாவது வர வேண்டும். அவருக்குப் பத்தைத் தாண்டவில்லை. விரல்களைச் சேர்த்து நீட்டச் சொன்னால் சுண்டுவிரல் மட்டும் மெல்ல விலகி வெளியே போனது. நடுவிரலின் நகத்தைச் சுண்டியதும் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. உள்ளங்காலைச் சாவி முனையால் கீறியபோது பெருவிரல் மேலே நிமிர்ந்தது. ஜோசப் பாபின்ஸ்கி 1896-லேயே எழுதிவைத்த அடையாளம் அது. கையில் பலவீனம், காலில் முறுக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவை கழுத்தைத்தான் காட்டும். அன்று அவருக்கு நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. முதுகெலும்பு அறுவை நிபுணருக்குக் கடிதம் கொடுத்து, எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினேன். நெரிசல் உறுதியானது.

இந்த நெரிசலைப் பயிற்சியால் விலக்க முடியாது. அறுவை சிகிச்சையின் முதல் நோக்கமே மேலும் கெடாமல் நிறுத்துவது. சீக்கிரம் செய்தால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பவும் கிடைக்கும். சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறார்களே, குறுகிய குழாய் உள்ளவருக்கு அது விளையாட்டல்ல. கை கால் இரண்டையும் சோதிக்காமல் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சையும் அப்படித்தான்.

வயதின் பெயரில் ஒளிந்திருக்கும் இன்னொன்று வைட்டமின் பி12 குறைபாடு. பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள், சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தண்டுவடத்தின் பின்பக்கம் பழுதாகும். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் முன்னால் சாய்வார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசி, மாத்திரை உண்டு. தாமதித்தால் முழுதாகத் திரும்பாது.

இவை எதுவும் இல்லை, வெறும் வயதுதான் என்று தெரிந்தபின்தான் என் பயிற்சி தொடங்குகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, காலில் எடை கட்டித் தூக்குவது. மடிந்த செல் திரும்பாது என்றாலும், மிச்சமிருப்பவற்றை நன்றாக வேலை வாங்க முடியும். 1990-ல் பாஸ்டனில் 90 வயதையொட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் கடுமையான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டியது. “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அப்பாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்களா? சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரமாகிறதா? அம்மா இரவில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதா, நடப்பது பஞ்சு மேல் நடப்பது போலிருக்கிறது என்கிறாரா? மறுபடியும் ஒரு முழங்கால் எக்ஸ்ரே எடுக்குமுன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கையையும் காலையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.