அடுத்த ஸ்பீக்கர்

பாட்டு கேட்பதில் பிரியம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் இன்னொரு ஆசையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இருக்கிற செட்டைவிட நல்ல செட் ஒன்று வேண்டும் என்ற ஆசை. வாங்கிவிட்டால் அடங்கிவிடும் என்று தோன்றும், ஆனால் அடங்காது. ஆம்ப்ளிஃபையரை மாற்றியதும் ஸ்பீக்கர் ஈடுகொடுக்கவில்லை என்று படும். ஸ்பீக்கரை மாற்றினால் சிடி பிளேயரில் குறை தெரியும். அதையும் மாற்றிய பிறகு வயர் மீது கண் போகும். இந்த ஆசையோடு பல வருடங்கள் குடும்பம் நடத்தியவன் நான். அது எதனால் வளர்கிறது, எதனால் தணிகிறது என்று பட்டுத் தெரிந்துகொண்டதை, அதே ஆசையில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த டூ இன் ஒன். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட கேசட்டுகளில் பதிந்து தருவார்கள். எந்தப் பாட்டுக்கு அடுத்து எது வர வேண்டும் என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடக்கும். கேசட் வந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ஏ பக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, திருப்பிப் போட்டு பி பக்கத்தையும் கேட்போம். பேச்செல்லாம் பாட்டைப் பற்றியும் பாடியவரைப் பற்றியும்தான். ஒலி எப்படி இருக்கிறது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வேலை கிடைத்து சென்னைக்கு வந்தபோது ரிச்சி ஸ்ட்ரீட் அறிமுகமானது. டிரான்ஸ்ஃபார்மர், 2என்3055 பவர் டிரான்சிஸ்டர், வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் என்று எல்லாம் உதிரியாகக் கிடைக்கும் தெரு அது. நமக்கு வேண்டியதைச் சொன்னால் அசெம்பிள் செய்தும் தருவார்கள். என் முதல் ஸ்டீரியோ செட் அங்கிருந்துதான் வந்தது. அதில் 1978-இல் வந்த 'பிரியா' படத்தின் பாட்டுகளைப் போட்டேன். தமிழ்ப் படப் பாடல்கள் ஸ்டீரியோவுக்கு மாறத் தொடங்கிய காலத்தின் பதிவு அது. ஒரு கருவி இடது பக்கத்திலிருந்தும் இன்னொன்று வலது பக்கத்திலிருந்தும் வந்தன. பாடகர் இரண்டுக்கும் நடுவில், எந்தப் பெட்டியும் இல்லாத வெற்றிடத்தில் நின்று பாடினார். அன்று அடைந்த பரவசம் முழுக்க உண்மையானது. ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போவது பெரிய தாவல்தான்.

அந்தப் பரவசத்தை மறுபடியும் அடைய வேண்டும் என்றுதான் அடுத்தடுத்து வாங்கத் தொடங்கினேன். ஆனால் அப்படிப்பட்ட தாவல் அதன் பிறகு வரவில்லை. ஏன் வராது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் வாட்ஸ். 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் ஒலி இரட்டிப்பாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. இதில் இன்னொன்றும் உண்டு. 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் வரும். வீட்டில் நிதானமான சத்தத்தில் பாட்டு கேட்கும்போது நாம் சராசரியாகச் செலவழிப்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு.

அடுத்தது வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை ஸ்பீக்கர் வரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டருக்கும் சேர்த்து மின்தடை சுமார் 0.07 ஓம். எதிரே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தடித்த வயருக்கும் வெல்வெட் பெட்டியில் வரும் வயருக்கும் இடையே காதுக்கு எட்டும் வித்தியாசம் இருக்க வழியில்லை. அதிகத் துல்லியப் பதிவுகளின் கதையும் இதுதான். 1982-இல் வந்த சிடியே ஒரு நொடி ஒலியை 44,100 கூறுகளாகப் பதிகிறது. அதனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் சிரமமின்றி அடங்கிவிடும். இளம் வயதில் மனிதக் காது எட்டுகிற எல்லையே அவ்வளவுதான், வயது ஏற ஏற அதுவும் இறங்கிக்கொண்டே வரும். ஐம்பதைத் தாண்டியவன் 192,000 கூறுகள் கொண்ட பதிவுக்காகத் தனிக் கருவி வாங்குவதில் அவன் காதுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அப்படியானால் கடையில் கேட்கும்போது மட்டும் புதியது நன்றாக இருப்பது ஏன்? இரண்டு செட்டுகளில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் போதும். சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெளிவு கூடியிருக்கிறது என்றே நினைப்போம். ஒலியின் நுணுக்கங்களைக் காது சில நொடிகளுக்கு மேல் நினைவில் வைப்பதும் இல்லை. நேற்று வீட்டில் கேட்டதை இன்று கடையில் கேட்பதோடு ஒப்பிடுகிறோம் என்று நினைக்கும்போது நாம் ஒப்பிடுவது நம்முடைய எதிர்பார்ப்பைத்தான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் என் ஆசை குறையவில்லை. குறைய வைத்தவை இரண்டு அனுபவங்கள்.

முதலாவது, பேஸ் போதவில்லை என்று நான் சப்வூஃபர் வாங்கியபோது நடந்தது. அதிலும் சில ஸ்வரங்கள் காணாமல் போயின. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தன் செல்போனை செட்டில் இணைத்து ஒரே ஒரு தாழ்ந்த ஸ்வரத்தை ஓடவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சார், அப்படியே சுவரு வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க" என்றார். நடந்தேன். சுவரை நெருங்கும்போது தரையே அதிர்வதுபோல் இருந்தது. அறையின் நடுவுக்கு வந்தால் அந்த ஒலி ஏறக்குறைய இல்லை. என் நாற்காலி சரியாக அந்த நடுவில்தான் இருந்தது.

"பெட்டியில ஒரு குறையும் இல்ல சார். சேரை ஒரு ரெண்டடி பின்னாடி தள்ளிப் போடுங்க" என்றார் அவர். தள்ளினோம். காணாமல் போன பேஸ் வந்துவிட்டது.

அதன் காரணத்தைப் பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். என் அறையின் நீளம் 12 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது சுமார் 47 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உண்டாகிறது. சுவரோரத்தில் அது பெருகும், நட்டநடுவில் தேயும். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த நிலையலை சரியாகப் பாட்டின் அடித்தளத்திலேயே கைவைக்கிறது. சிமெண்ட் பூசிய சுவரும் மொசைக் தரையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள நம் வீடுகளில் மேல் ஸ்வரங்களும் எதிரொலித்துக் கூசும். அதற்குத் தரையில் ஒரு கனத்த ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் போதும். பேஸுக்கு அவை உதவாது. நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்திப் பார்ப்பதுதான் அதற்கு வழி. ஸ்பீக்கருக்கு அடுத்தபடியாக ஒலியை அதிகம் மாற்றுவது அறைதான். அறையைக் கடையில் விற்க முடியாது என்பதால் அதைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை.

இரண்டாவது அனுபவம் இன்னும் ஆழமாகத் தொட்டது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்த ஆல்பம். அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். டிஜிட்டல் பதிவை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி ஒன்றைப் புதிதாக வாங்கிய அன்று அதைப் போட்டபோது, வில் தந்தியில் பதியும் கணத்தில் வரும் மெல்லிய உரசல் காதில் விழுந்தது. இத்தனை நாள் கேட்காத ஒன்றை இந்தக் கருவி கொண்டுவந்து கொடுத்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். சில மாதங்களில் டிஏசி பழுதாகி சர்வீஸுக்குப் போனது. பரணில் கிடந்த பழைய சிடி பிளேயரை இறக்கி மாட்டி அதே இடத்தைக் கேட்டேன். அந்த உரசல் அதிலும் இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது.

புதிய கருவி வந்த அன்று நான் செய்தது வேறு ஒன்று. போனை அணைத்து வைத்தேன். கதவைச் சாத்தினேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேடித் தேடிக் கேட்டேன். முழுக் கவனத்தோடு கேட்டால் எந்த நல்ல பதிவிலும் புதிதாக ஏதாவது கிடைக்கும். கிடைத்ததற்கெல்லாம் கருவியே காரணம் என்று நான் பெயர் எழுதிவிட்டேன். வாங்கிய புதிதில் இருந்த கவனம் சில வாரங்களில் கலைந்துபோகும். உடனே ஒலியில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். மறுபடியும் கடைத்தெரு. இந்த ஆசை ஓயாததன் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அது வீட்டில் செய்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரு நாற்காலிதான் போட முடியும். அதனால் அந்த அறையில் நான் மட்டும் உட்கார்ந்தேன். ஒலியைச் சோதிக்க ஏற்ற சில பாட்டுகளை, அவற்றிலும் சில பகுதிகளை மட்டும், மறுபடி மறுபடி போட்டேன். மற்றவர்கள் பாட்டு கேட்க வருவது நின்றுபோனது. "என்னங்க, ஒரு பாட்டையாவது முழுசா விடுங்களேன்" என்று என் மனைவி ஒருநாள் சமையலறையிலிருந்து கேட்டார். இப்போது அந்த அறையில் ஒரு சோபா இருக்கிறது. ஒலி அங்கே நூற்றுக்கு நூறு இல்லைதான். ஆனால் ஆல்பம் முழுவதையும் சேர்ந்து கேட்கிறோம்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செட் பழுதானாலோ, டிவியின் ஸ்பீக்கரிலும் செல்போனிலும் மட்டுமே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாலோ, ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்குவது அருமையான செலவு. ஆனால் நல்ல செட் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் பணம் சேர்ப்பவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். முதல் வாரம் நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்திப் பாருங்கள், ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். மீதி நாட்களில், வாங்கி வைத்து வெகுகாலமாகத் தொடாத ஆல்பங்களை எடுத்து, புது செட் வந்த நாளில் எப்படிக் கேட்பீர்களோ அப்படிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். பெரும்பாலும் தெரியாது.