குட்டி டிராக்டரும் உப்புத் தண்ணியும்

கோயமுத்தூர்க்காரர் யாரிடமாவது சிறுவாணி என்று சொல்லிப் பாருங்கள். "உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிங்க" என்று ஆரம்பித்துவிடுவார். முதலாவது எது, போட்டியை யார் நடத்தினார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. :-)

அந்தப் பெருமை அன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குச் செல்லாது. எங்களுக்குத் தண்ணி என்றால் போர்த் தண்ணி. ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வருவது. சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு கட்டும். அதனால்தான் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணிக்கு ஒரு குடம், உப்புத் தண்ணிக்கு ஒரு குடம். மனுசன் குடிக்க இவ்வளவு பார்க்கிறோம். டிராக்டர் குடிக்கும் தண்ணியை யார் பார்த்தார்கள்? இன்றைக்குச் சொல்ல வந்தது அதைத்தான்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய மிட்சுபிஷி சக்தி. பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து கொண்டுவந்த குட்டி வண்டி. 3 சிலிண்டர், 18.5 எச்.பி. தென்னைக்கு நடுவே, வாழைக்கு நடுவே, பெரிய டிராக்டர் நுழைய முடியாத சந்தில் எல்லாம் நுழையும். அப்பாரு வாங்கியது. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதால் வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை.

போன கோடையில் அது சூடேற ஆரம்பித்தது. ரொட்டவேட்டர் மாட்டி அரை ஏக்கர் ஓட்டுவதற்குள் முள் சிவப்பில் போய் நிற்கும். ரேடியேட்டரில் தண்ணி குறைந்திருக்கும். வண்டி ஓட்டும் அண்ணன் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றுவார். மறுநாளும் குறையும், மறுநாளும் ஊற்றுவார். அப்பா ஒருநாள், "வித்துப்போட்டுப் புதுசு எடுத்துக்கலாம்" என்றார். அப்பாரு ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. புதுசு என்றால் கடன். அதுவும் மஞ்சள் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமல் காத்திருக்கும்போது கடன்.

வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது, மேல் ஓஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டதுதான். விரல் நுனியில் மாவு மாதிரி வெள்ளை. "ஏனுங்கய்யா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கற சுண்ணாம்ப இதுக்குள்ளயா போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். அப்பாரு சிரிக்கவில்லை.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நம் போர்த் தண்ணியில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு பட்டால் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பாத்திரத்தில் நடப்பதேதான் என்ஜினுக்குள்ளும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரம். அந்த 600-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். தினம் அரை லிட்டர் வீதம் 200 நாள் ஊற்றினால் 100 லிட்டர், அதாவது 60 கிராம் சரக்கு. அதில் பாதிதான் படிகிறது என்றாலும் 30 கிராம். ரேடியேட்டர் குழாய்களின் இடுக்கைப் பார்த்தவர்களுக்கு 30 கிராம் என்றால் என்ன என்று புரியும். இன்னொன்று, சுண்ணாம்பு சூட்டை லேசில் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் படிந்தால் அது ஒன்றிரண்டு அங்குல இரும்புச் சுவரை நடுவில் வைத்ததற்குச் சமம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உப்புத் தண்ணியே ஊற்றினாலும், ஒரு தடவை நிரப்பி அப்படியே விட்டுவிட்டால் அதிலிருக்கும் சுண்ணாம்பு படிந்து தீர்ந்துவிடும். தினம் ஊற்றும்போதுதான் தினம் புதுச் சுண்ணாம்பு உள்ளே போகிறது. ஆகவே வியாதியின் வேர் ஒழுக்கு. காலையில் மூடியைத் திறந்து பார்ப்பது குறைந்ததை ஊற்றுவதற்காக மட்டும் இல்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பார்க்கும் விதமும் முக்கியம். சமதரையில், ஸ்டார்ட் பண்ணும் முன், என்ஜின் சில்லென்று இருக்கும்போது பார்க்க வேண்டும். உள்ளே குழாய்களின் தலை மூழ்கியிருக்க வேண்டும், வாய்க்கு ஒரு அங்குலம் கீழே மட்டம் நிற்க வேண்டும். விளிம்பு வரை ரொப்பினால் சூட்டில் விரிந்து வழிந்துவிடும். எங்கள் வண்டியில் வழிவதைப் பிடித்து வைக்கும் டப்பா எப்போதோ காணாமல் போய்விட்டது. வழிந்ததைப் பார்க்காதவர் மறுநாள் "குறைஞ்சு போச்சு" என்று மறுபடி ரொப்புவார். ஒழுக்கே இல்லாத வண்டிக்கும் இப்படிச் சுண்ணாம்பு ஏறும்.

மட்டம் இறங்கினால் அப்படியென்ன? ஹென்றி ஃபோர்டு 1917-இல் கொண்டுவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் தண்ணி பம்பே கிடையாது. சுடுதண்ணி மேலே ஏற, ஆறினது கீழே இறங்க, தானாகச் சுற்றும். மேல் ஓஸுக்குக் கீழே மட்டம் போனால் சுற்றே நின்றுவிடும். நம் வண்டியில் பம்ப் இருக்கிறது. ஆனால் மட்டம் ரொம்ப இறங்கினால் அது காற்றைத்தான் இழுக்கும். அதைவிட மோசம், சூட்டை அளக்கும் சென்சார் தண்ணிக்கு வெளியே வந்துவிட்டால் முள் நல்லபிள்ளை மாதிரி நடுவிலேயே நிற்கும், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே.

எங்கள் வண்டியின் ஒழுக்கைக் காட்டிக்கொடுத்ததும் சுண்ணாம்புதான். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாகச் சொட்டும். ஓடும்போது மட்டும் சொட்டி, அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிட்டதால் நின்ற வண்டியின் கீழே ஈரமே இல்லை. துளையிலிருந்து கீழே வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. பம்ப் சீல் மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், தொட்டியைப் பிரித்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். இப்போது முள் நடுவைத் தாண்டுவதில்லை. விற்கிற பேச்சும் நின்றுவிட்டது. அப்பாரு தினம் காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். 0.9 கிலோ அழுத்த மூடி போட்ட வண்டியில் தண்ணி சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு முழங்கை வரை தழும்பு இருக்கிறது. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் வந்திருக்காது. சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணி ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடுவது தனிக் கதை.

"பனி உறையாத ஊருக்குக் கூலன்ட் எதுக்கு?" என்று அப்பாரு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கூலன்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் இல்லை. அதிலுள்ள மருந்து துருப்பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையும் கொஞ்சம் ஏறுகிறது. கலக்குவதற்குப் பேட்டரித் தண்ணிதான் நல்லது. போர்த் தண்ணியில் கலந்தால் பழைய கதைதான். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு எது ஒத்துவரும் என்று நிறத்தை வைத்து முடிவு பண்ணாமல், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கூலன்டில் இருக்கும் எத்திலின் கிளைகால் இனிக்கும். நாய், கன்றுக்குட்டி எல்லாம் நக்கிவிடும். நக்கினால் சிறுநீரகம் போய்விடும், கொஞ்சம் போதும். மெக்கானிக் அண்ணன் ஊற்றும்போது வாசலில் சிந்திய பச்சைத் துளிகளை நாய் மோந்து பார்க்க வந்தது. ஆத்தா அதை விரட்டிவிட்டு, சிந்திய இடத்து மண்ணையே மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிட்டார். மிச்சக் கேன் இப்போது மோட்டார் ரூமில் பூட்டிக் கிடக்கிறது, சாவி ஆத்தாவின் முந்தானையில்.