மண்ணைக் கழித்த பிறகுதான் விலை

கம்பளி ரோமத்துக்கு விலை சொல்லப் பழகுகிறவன் முதலில் மண்ணுக்கு விலை சொல்லப் பழக வேண்டும். ராஜஸ்தானின் பிகானேர் மண்டியில் ஒரு போராவை, அதாவது ரோம மூட்டையை, அவிழ்த்தால் உள்ளே இருப்பது முழுக்க ரோமம் இல்லை. தார் பாலைவனத்து மணல் இருக்கும். ஆட்டின் வியர்வை உப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பசை, காய்ந்த சாணம், ‘புரட்’ என்று அங்கே சொல்கிற முள்விதை எல்லாம் இருக்கும். கழுவிக் காயவைத்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் மில் பணம் கொடுக்கிறது. அதைத் தேறல் என்போம்.

கணக்குக்காகச் சொல்கிறேன். கிலோ 80 ரூபாய் சொல்கிற சரக்கில் நூற்றுக்கு 70 தேறினால், கழுவிய ரோமம் கிலோ 114 ரூபாய் ஆகிறது. பக்கத்துக் கடைக்காரர் 70 ரூபாய்க்கே தருகிறேன் என்கிறார், ஆனால் 55தான் தேறும். அவர் சரக்கு 127 ரூபாய். பத்து ரூபாய் மலிவு என்று மூட்டையைத் தூக்கியவன் பதின்மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான். புதிதாக வரும் பையன்கள் இந்த வகுத்தலைக் காகிதத்தில் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். 70 தேறுமா 55 தேறுமா என்பதை மூட்டை பக்கத்தில் நின்று, தரகர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். அதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரிலிருந்து. அங்கே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள், கைக்குள் வைத்தால் இருப்பதே தெரியாத மெல்லிய ரோமம். அதைத் தொட்டுப் பழகிய கையோடு பிகானேர் வந்தவனுக்கு முதலில் எல்லாமே துடைப்பக் குச்சியாகத்தான் தெரிந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் சிரித்தார். “உன் ஊர் ரோமம் உடம்புக்கு. இது காலுக்கு. மிதித்தால் நிமிர வேண்டும்” என்றார். இந்தியாவில் வெட்டுகிற ரோமத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்தக் கம்பள ரகம்தான். 10 சதவீதம் அதைவிட முரடு, முரட்டுப் போர்வைக்குப் போகும். துணிக்கு ஆவது 5 சதவீதம். ஆகவே முரடு என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். எந்த முரடு என்பதுதான் கேள்வி.

உஸ்தாத் மூட்டையின் வாயில் இருக்கும் ரோமத்தைத் தொடவே மாட்டார். அது காட்டுவதற்காக வைத்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். நடுவில் குளுமை தட்டினால் கையை எடுத்து எதிராளியின் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். மழை மாதத்தில் எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் ரோம விலைதான் கொடுத்தாக வேண்டும். தண்ணீர் தெளித்து மணல் தூவினால் மணல் உதிராமல் ஒட்டி நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்கள் ஆகஸ்டில் செய்வார்கள்.

அடுத்தது கொத்து. நடுவிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கொத்தை உருவி, இரண்டு முனையையும் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். நல்ல ரோமம் ‘டங்’ என்று ஒரே சத்தம் தரும். சடசடவென்று முறிந்தால், அதுவும் எல்லா இழையும் ஒரே இடத்தில் முறிந்தால், அந்த ஆடு நடுவில் பட்டினி கிடந்திருக்கிறது அல்லது நோயில் விழுந்திருக்கிறது. வறட்சி வருஷத்து ரோமத்தில் இந்த முறிவு நிறைய வரும். இழையைச் சீவுகிற கார்டிங் இயந்திரத்தில் போனால் அந்த இடத்திலேயே துண்டாகி, மூன்று அங்குல இழை ஒன்றரை அங்குலம் ஆகிவிடும். குட்டை இழையில் நூற்ற கம்பளம் வீட்டுக்குப் போன பிறகு மாதக்கணக்கில் பஞ்சாக உதிரும். வருஷத்துக்கு இரண்டு வெட்டு வெட்டுகிற மந்தைக்கும் மூன்று வெட்டு வெட்டுகிற மந்தைக்கும் விலை வித்தியாசம் வருவது இந்த நீளத்தால்தான்.

பிறகு ஒரு கறுப்புத் துணி. எப்போதும் தோளில் ஒன்று கிடக்கட்டும். கொத்தைப் பிரித்து அதன்மேல் பரப்பினால் சுண்ணாம்பு வெள்ளையில், பளபளப்பே இல்லாமல், விறைப்பாகக் கிடக்கிற முடிகள் தனியாகத் தெரியும். உள்ளே குழலாக இருக்கிற செத்த முடி அது. சாயம் ஏறாது. சிவப்புக் கம்பளத்தில் வெள்ளை வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மக்ரா ஆட்டு ரோமத்துக்குத் தனி விலை கிடைப்பது அதன் பளபளப்பால். சோக்லாவுக்குக் கிடைப்பது செத்த முடி குறைவாக இருப்பதால். மார்வாரி, ஜெய்சல்மேரி ஆட்டு ரோமம் வந்தால் கறுப்புத் துணியை மறக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே ஆடு, ஒரே உடம்பு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு விலைக்குப் போவது இதனால்தான். மார்ச், ஏப்ரலில் வெட்டுகிற சைத்ரி ரோமம் வெள்ளையாக வரும். குளிர்காலம் முழுக்க வளர்ந்தது, வியர்வை குறைவு. கோடையின் கடும் வெயிலையும் மழைக்காலப் புழுக்கத்தையும் தாங்கி வளர்ந்து, மழை முடிந்ததும் வெட்டுகிறது மஞ்சள் பிடித்து வரும். இந்த மஞ்சள் அழுக்கில்லை. வியர்வையின் காரம் சூட்டில் இழைக்குள்ளேயே ஏறியது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பையன் மஞ்சள் சரக்கை அழுக்கு என்று கணக்கிட்டு, கழுவினால் வெளுக்கும் என்று நல்ல விலை பேசிவிட்டான். கழுவித் தொட்டியிலிருந்து எடுத்தபோது சுத்தமான மஞ்சளாக இருந்தது. உஸ்தாத் திட்டவில்லை. அதை அடர்ந்த பழுப்பும் கறுஞ்சிவப்பும் சாயம் போடுகிற லாட்டுக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பையனையே சாயப்பட்டறையில் ஒரு வாரம் உட்காரவைத்தார். வெளிர் நிறம் கேட்கிற வருஷத்தில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடைவெளி விரியும், கடும் நிறம் கேட்கிற வருஷத்தில் சுருங்கும் என்பதை அவன் அங்கேதான் பார்த்தான்.

தோல் ரோமம் என்று ஒன்று உண்டு. திண்டுக்கல் பக்கத்தில் தோல் ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அறுத்த ஆட்டின் தோலில் சுண்ணாம்புக் குழம்பு தடவி, வேர் தளர்ந்ததும் பிடுங்கி எடுக்கிற ரோமம். மலிவு. உயிரோடு வெட்டிய ரோமத்தில் இதைக் கலந்துவிட்டால் பார்வைக்குப் பிடிபடாது. இழையின் அடி நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கத்தரித்தது நேராக நறுக்கியிருக்கும், பிடுங்கியதில் குமிழ் போல வேர் இருக்கும். சுண்ணாம்பு தின்ற இழை சாயத்தைத் திட்டுத் திட்டாக வாங்கும்.

இதுவரை சொன்னது கைக்குள் அடங்குகிற விலை. ஒரே நாளில், ஒரே மண்டியில், இந்த மூட்டைக்கும் அந்த மூட்டைக்கும் உள்ள வித்தியாசம். மண்டி முழுதும் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதும் வேறு சங்கதி. அதற்கு மூட்டைக்குள் கையை விட்டுப் பயனில்லை.

இங்கே ரோமத்துக்காக மட்டும் யாரும் ஆடு வளர்ப்பதில்லை. கறிக்கு வளர்க்கிறார்கள், ரோமம் கூட வருகிறது. அதனால் ரோம விலை ஏறியது என்று யாரும் ஆட்டைக் கூட்டுவதுமில்லை, இறங்கியது என்று குறைப்பதுமில்லை. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் ஆறரைக் கோடிச் செம்மறிகள். 2019இல் 7 கோடியே 43 லட்சம். ரோமமும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 2012-13இல் 4 கோடியே 60 லட்சம் கிலோ இருந்தது, இப்போது மூன்றரைக் கோடிக்கும் கீழே. கூடிய ஆடுகள் பெரும்பாலும் தெலங்கானாவில். அங்கே நெல்லூர் வகை, கறி ஆடு, வெட்டி எடுக்க ரோமமே கிடையாது. ரோமம் தருகிற ராஜஸ்தானில் அதே ஏழு வருஷத்தில் ஆடு குறைந்திருக்கிறது. தக்காணத்துக் கறுப்பு ரோமம் இன்னும் மோசம். சித்திரதுர்கா பக்கம் சள்ளகெரேயிலும் நம் கிருஷ்ணகிரி மலையோரத்துக் குறும்பர் வீடுகளிலும் கம்பளி நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு முறுக்கேற்றிய காலத்தில் அதற்கு ஆள் இருந்தது. இப்போது வெட்டுக்கூலிக்கே ரோமம் கட்டுபடியாகாமல், வெட்டுகிறவனுக்கே கொடுத்தனுப்புகிறார்கள், அல்லது வேலியோரம் கொட்டுகிறார்கள். கறுப்பில் வேறு நிறம் ஏறாது, செத்த முடியும் அதிகம். கம்பள மில்லுக்கு அது வேண்டாம்.

சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நியூசிலாந்தைக் காட்டுவேன். 1982இல் அங்கே 7 கோடி ஆடுகள். இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழ். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. முரட்டு ரோமத்தின் விலை ஏறியதா? 2020க்குப் பிறகு சில வருஷங்கள் அங்கேயும் விற்ற பணம் வெட்டுக்கூலிக்குப் போதவில்லை. ஆடு குறைந்த வேகத்தைவிட வாங்குகிறவன் வேகமாகக் குறைந்தான். நைலான் கம்பளமும் பாலிப்ராப்பிலீன் கம்பளமும் வீடுகளை எடுத்துக்கொண்டன.

நியூசிலாந்து ரோமம் நமக்கு எதிரி மாதிரித் தெரியும், ஆனால் மில்லுக்குள் அது கூட்டாளி. அது நீளம், வெள்ளை, கழுவியே வரும், மண் கணக்கு வேண்டாம். நம் ரோமம் நிமிர்வு தரும். இரண்டையும் கலந்துதான் கம்பள நூல் ஓடுகிறது. கலவையில் எது எத்தனை பங்கு என்பதை மில்லின் கணக்குப்பிள்ளை தீர்மானிக்கிறார். அங்கே ஏலத்தில் விலை சரிந்தாலோ, ரூபாய் கொஞ்சம் பலத்தாலோ, அவர் நம் பங்கில் ஐந்து குறைத்து அதில் ஐந்து கூட்டுவார். மந்தைக்காரர் அன்று காலை வெட்டிய ரோமத்துக்கு மாலையில் விலை குறைவாகக் கேட்பார்கள். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பதோஹியின் ஆர்டர் புத்தகம். பிகானேர் நூல் உத்தரப் பிரதேசத்தின் பதோஹிக்குப் போகிறது, அங்கே முடிச்சுப் போட்ட கம்பளத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே புது வீடு விற்றால் இங்கே போரா நகரும். 2008இல் அங்கே வீட்டுக் கடன்கள் கவிழ்ந்தபோது இங்கே தறி நின்றது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்தபோதும் அதே வழியாகத்தான் அடி வந்தது. முதலில் ஆர்டர், பிறகு நூல், கடைசியில் ரோமம். ஏறும்போதும் அதே வரிசை. கடைசியில் நிற்பவருக்கு ஏற்றம் தாமதமாகவும் இறக்கம் முழுதாகவும் வந்து சேரும்.

பழகுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. விலை என்ன என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். பணம் எத்தனை நாளில் என்று கேளுங்கள். ரொக்க விலை ஒன்று, தொண்ணூறு நாள் விலை ஒன்று. மந்தையோடு மத்தியப் பிரதேசம் வரை மேய்ச்சலுக்குப் போகிறவர் புறப்படும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அவர் ரோமத்தின் விலை மண்டிக்கு வரும் முன்பே பேசி முடிந்தது. அந்த மூட்டை மண்டியில் என்ன விலைக்குப் போனாலும் அதை வைத்து அடுத்த மூட்டைக்கு விலை சொல்லாதீர்கள். உஸ்தாத் அப்படிப்பட்ட மூட்டைகளைத் தனியாக ஓர் ஓரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, மீதியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அன்றைய விலையை வாயைத் திறந்து சொல்வார்.