மலை ஜீப்பும் பிரேக் பரிசோதனையும்

மலைப் பங்குகளில் பணிபுரிவோர்க்கு ஜீப் ஆடம்பரப் பொருளன்று. மழை இரவில் பேறுகால வேதனையுறும் தாயை அடிவாரத்து மருத்துவமனையில் சேர்ப்பதும், அரிசி மூட்டைகளை மேலே கொணர்வதும், பிள்ளைகளைத் தேர்வு மையத்திற்கு அழைத்துச் செல்வதும் அதுவே. ஆதலின் அவ்வண்டி சேற்றில் ஏறுமா என்று கேட்பதோடு அமையாது, இறக்கத்தில் நிற்குமா என்றும் கேட்பது நம் கடமையாகும்.

"நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, நான்கும் சேர்ந்து பிடித்து நிறுத்திவிடும்" என்று மலைவாழ் அன்பர்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது பிழையான நம்பிக்கை. இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. சாதாரணக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களையுமே பிடிக்கின்றது. நான்கு சக்கர இயக்கம் ஏற்றத்திலும் சகதியிலும் துணை செய்யுமேயன்றி, கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓர் அடி முன்னதாக நிறுத்தித் தராது.

நம் நாட்டுச் சட்டப்படி சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் வண்டியைப் பரிசோதித்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு ஆளேற்றும் ஜீப்புக்கோ, எட்டு ஆண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கென மத்திய அரசு 2021-இல் விதிகளை வகுத்தது. இனி இயந்திரமே பிரேக்கை அளக்கும் காலம். அவ்வியந்திரத்தைப் பற்றி ஜீப் வைத்திருப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு.

தரையில் பதித்த உருளைகளின்மேல் வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டையும் நிறுத்துவர். மின்மோட்டார் உருளைகளை மெல்லச் சுழற்றும். உடன் சக்கரமும் சுழலும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலத்தோடு தடுக்கிறது என்பதைக் கருவி காட்டும். பின்னர் பின் சக்கரங்களுக்கும் அவ்வாறே. சாதாரணக் காருக்கு இது நல்ல முறை. ஆனால் முன்னும் பின்னும் தண்டுகளால் பிணைக்கப்பட்ட வண்டியில், உருளை பின் சக்கரத்தைச் சுழற்றினால், தரையில் நிற்கும் முன் சக்கரமும் சுழல முனையும். வண்டி உருளையை விட்டுத் துள்ளி வெளியேறலாம், பல்சக்கரங்கள் பழுதாகலாம், கருவி காட்டும் எண்ணும் மெய்யாகாது.

பழைய ஜீப்பில் ஒரு லிவரைத் தள்ளி இரு சக்கர இயக்கத்திற்கு மாற்றிவிடலாம், பின் அச்சமில்லை. அவ்வாறு பிரிக்க இயலாத, எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளுக்கு வேறு வழி வேண்டும். 1960 முதல் வாகனப் பரிசோதனை நடைபெற்று வரும் பிரிட்டனில், அத்தகைய வண்டிகளைப் பொதுவாக உருளையில் ஏற்றாமல், வேகக் குறைவை அளக்கும் கருவியை உள்ளே வைத்துச் சாலையில் ஓட்டி நிறுத்திப் பார்க்கின்றனர். அல்லது பலம் அளக்கும் தட்டுகளின்மேல் ஓட்டிவந்து பிரேக் பிடிக்கச் செய்கின்றனர். கார்களின் பிரேக் பலம் வண்டி எடையில் 50 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும் என்பது அங்கே நெடுங்கால விதி. 2010 செப்டம்பருக்குப் பின் வந்த கார்களுக்கு 58. ஐம்பது விழுக்காடு என்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 7 மீட்டரில் நிற்கும். வேகம் 60 ஆனால், இரு மடங்கன்று, நான்கு மடங்காக, 28 மீட்டர் தேவைப்படும்.

நம் பங்கு ஜீப்பைப் புதுப்பித்தலுக்குக் கொண்டுசென்ற நாளில் நம்மைக் கவர்ந்தது இளம் ஆய்வாளர் ஒருவரின் முதற் கேள்வி. "ஃபாதர், இது லிவர் வைத்த வண்டியா, எப்போதும் நான்கும் ஓடுவதா?" என்று வினவிய பின்னரே அவர் வண்டியைத் தொட்டார். திடலில் தாமே ஓட்டி இருமுறை பிரேக் பிடித்தார். வண்டி இடப்பக்கம் இழுத்தது. "வலப்பக்கம் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நம் ஓட்டுநருக்கு மனம் தாங்கவில்லை. "சாமி, மறுபடியும் மலையேறி இறங்கணுமே, சொல்லிக் கேட்டால் கொடுத்துவிட மாட்டாரா?" என்றார். "தம்பி, அவர் தாளைக் கொடுப்பார், பிரேக்கை யார் கொடுப்பார்?" என்றோம். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது, பிரேக் எண்ணெய் கசிந்து கட்டை முழுவதும் ஊறிக் கிடந்தது. நான்கு நாள் ஜீப் ஓடவில்லை. ஐந்தாம் நாள் நேராக நின்றது.

மற்றொன்றும் கூறுவோம். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுழலும் நெடுந்தண்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்புறம் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருண்டோடும். கைப்பிரேக் பிடித்திருந்தும் வண்டி நகரும். பஞ்சர் ஒட்ட நின்ற ஒரு வண்டி இங்ஙனம் நகர்ந்து ஜாக்கி சாய்ந்ததையும், அருகிருந்த சிறுவன் கையை இழுத்துக்கொண்டு தப்பியதையும் நாமே கண்டோம். லிவரை நான்கு சக்கர இயக்கத்தில் இட்டு, மற்றைச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

ஆதலின் ஜீப் வைத்திருக்கும் அன்பர்களே, பரிசோதனைக்குச் செல்லுமுன் உங்கள் வண்டி எவ்வகையது என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் கேளாவிடினும் நீங்களே எடுத்துரையுங்கள். ஓட்டிப் பார்க்க அவர் கூடுதலாகப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து இறங்கும் தாய்மாரும் பிள்ளைகளும் அந்தப் பத்து நிமிடத்தை நம்பியே ஏறுகின்றனர்.